ஊர்ல எந்தத் தெரு?

போன மாதம் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்த பையன் பக்கத்தில் வந்து நின்றான். பேர் கேட்டேன், ஊர் கேட்டேன். பக்கத்துக் கிராமம்தான். அடுத்த கேள்வி தானாக வந்து விழுந்தது: "ஊர்ல எந்தத் தெரு?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "மெயின் ரோட்டுப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தான்.

தெருவைத் தெரிந்துகொண்டு நான் என்ன லெட்டரா போடப் போகிறேன்? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. நான் சாதி பார்க்கிறவன் இல்லை என்று அதுவரை சத்தியமே செய்திருப்பேன்..

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று நம்மில் பெரும்பாலோருக்கு இனிஷியலோடு சரி. பெருமையான விஷயம்தான். ஆனால் பெயரிலிருந்து இறங்கியது கேள்விக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்ல கறி சாப்பிடுவீங்களா.. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கலே.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. பேப்பரில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, வேறு வேறு பெயர்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றாகவே இருந்தும், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். அந்த மேனேஜர்களில் எத்தனை பேர் தெரிந்தே ஒதுக்கியிருப்பார்கள்? "இவர் சரிப்படுவார்" என்று பலருக்கு மனதில் பட்டிருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு எழுதுகிறவரே அதற்கு ஆடிட்டராக இருக்கக் கூடாது என்று படிக்கிறோம். மனதுக்கு மட்டும் நாமே ஆடிட்டரா? பரீட்சைப் பேப்பரில் டம்மி நம்பர் போடுகிறார்களே, அதற்கு வாத்தியார்கள் எல்லாம் அயோக்கியர்கள் என்றா அர்த்தம்? அவர்களும் மனிதர்கள் என்றுதான் அர்த்தம். வேலை விண்ணப்பத்திலும் முதல் கட்டத்தில் பெயரையும் ஊரையும் மறைக்கலாமே.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு நண்பர்களே. அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வரும்போது, 'இது தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது?' என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

அந்தப் பையனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை..