'ஸின் ச்சிங்': அழவைக்கும் படத்துக்கும் தேசத்துரோக வழக்கிற்கும் ஒரே எழுத்து

அம்மா ஆஸ்பத்திரி படுக்கையில். மகன் மழையில் ஓடி வருகிறான். பின்னணியில் வயலின் நிற்கவே மாட்டேன் என்கிறது. "ரொம்ப புழியறாங்கப்பா" என்று நாம் சொல்லும் இந்த மாதிரிக் காட்சிக்கு, ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழியில் 'ஸின் ச்சிங்' என்பார்கள். (மாண்டரினிலும் இதே எழுத்துகள்தான்; உச்சரிப்பு வேறு.)

'ச்சிங்' என்றால் உணர்வு. விஷயம் 'ஸின்'னில் இருக்கிறது. அந்த எழுத்தின் இடது பாதி நெருப்பு, வலது பாதி விசிறி. உணர்வை விசிறிவிட்டு எரியவைப்பது. நம்ம 'தூபம் போடுறது' மாதிரி. பார்த்தவருக்கு அழுகை வந்ததா என்பது இங்கே கேள்வி இல்லை. வரவைக்கணும்னே செய்தார்களா என்பதுதான்.

விமர்சகர் இப்படிச் சொன்னால் அதிகபட்சம் டிக்கெட் விற்பனை குறையும். ஆனால் இதே 'ஸின்' ஹாங்காங் சட்டத்திலும் இருக்கிறது. நாம் தேசத்துரோகம் என்று எழுதும் குற்றத்துக்கு அங்கே பெயர் 'ஸின் டுங்', அதாவது விசிறிவிட்டு அசைப்பது.

2022 செப்டம்பரில் பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளர்கள் 5 பேருக்கு இதில் தலா 19 மாதம் சிறை. அவர்கள் வெளியிட்டவை குழந்தைகளுக்கான 3 படக்கதைப் புத்தகங்கள். ஆடுகள் வாழும் கிராமம், அதைத் துன்புறுத்தும் ஓநாய்கள். ஓநாய் என்றால் சீனத் தரப்பு என்று புரிந்துகொள்ளும் குழந்தையின் மனதில் வெறுப்பு வளரும் என்பதே வழக்கு.

இந்தச் சட்டம் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது, நம்ம 124ஏ-வுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அரசு மீது வெறுப்பை, அவமதிப்பைத் தூண்டுவது என்ற வாசகம்கூட இரண்டிலும் உண்டு. ஆனால் பாதை பிரிந்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில், வன்முறைக்கோ பொது ஒழுங்கைக் குலைக்கவோ தூண்டினால்தான் குற்றம் என்று எல்லை போட்டது. ஹாங்காங்கில் 2024 மார்ச்சில் வந்த பாதுகாப்புச் சட்டமோ, வன்முறையைத் தூண்டும் நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையே இல்லை என்று எழுதிவைத்திருக்கிறது. முதல் முறை குற்றத்துக்கு 2 ஆண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனை இப்போது 7. வெளிநாட்டுச் சக்தியுடன் சேர்ந்து செய்தால் 10.

நாம் நிம்மதியாக இருக்கலாமா? 124ஏ-வை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. ஆயுதக் கிளர்ச்சியைத் தூண்டுவதோடு, பிரிவினைச் செயல்களுக்கான 'உணர்வுகளை' ஊக்குவிப்பதும் அதில் குற்றம். அதிகபட்சம் ஆயுள் தண்டனை.