யாருக்கும் சொந்தமில்லாத கூரை

மே மாதத்தின் நடுப்பகுதியில் கல்யாண், டோம்பிவிலி, பிவண்டி வட்டாரங்களில் தார்ப்பாய் விற்பனை சூடுபிடிக்கும். கிடங்குகளின் மேலும் பட்டறைகளின் மேலும் நீல நிறப் பாய்கள் விரிய, அவை பறந்துவிடாதபடி பழைய டயர்களும் செங்கற்களும் ஏறி அமரும். ஜூன் இரண்டாவது வாரத்தையொட்டிப் பருவமழை இறங்கும். அக்டோபரில் பாய் கிழிந்து தொங்கும். அடுத்த மே மாதம் மறுபடியும் புதிய பாய் வாங்கப்படும். ஆண்டுதோறும் கரையும் இந்தப் பணத்தைக் கூரைச் செலவு என்று கணக்கேட்டில் எழுதுவோர் மிகச் சிலரே. எழுதிப் பார்த்திருந்தால், பாய்க்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கும் தகடு எப்போதோ மாற்றப்பட்டிருக்கும்.

வணிகக் கட்டடங்களின் உலோகக் கூரைகள் விரைவில் கெடுவதற்குத் தகட்டின் தரத்தையும் கடற்காற்றையும் குறை கூறுவது வழக்கம். அவை உண்மையான காரணங்களே. ஆயினும் அவற்றுக்கு முந்திய காரணம் ஒன்று உண்டு: கூரைக்குப் பொறுப்பாளர் இல்லாமை. இப்பகுதியின் சிறுதொழில்களிற் பல வாடகைக் 'காலா'க்களில் நடப்பவை. 'லீவ் அண்ட் லைசென்ஸ்' உடன்படிக்கை 11 மாதங்களுக்கோ சில ஆண்டுகளுக்கோ எழுதப்படுகிறது. இடத்தைப் பயன்படுத்துபவரே கூரையையும் கவனிக்கட்டும் என்கிறார் உரிமையாளர். நாளை காலி செய்யவேண்டிய இடத்துக்கு நான் ஏன் இருபதாண்டுக் கூரை போடவேண்டும் என்கிறார் தொழில் நடத்துபவர். இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. துரு மட்டும் எவருடைய விடைக்கும் காத்திருப்பதில்லை.

1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இத்தகைய உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும் என்கிறது. எழுதத்தான் போகிறோம் என்னும்போது, வைப்புத்தொகை, மின்கட்டணம், காலி செய்யும் அறிவிப்பு ஆகியவற்றோடு கூரைக்கும் மூன்று வரிகள் ஒதுக்கலாம். முதல் வரி, ஒப்படைக்கும் நாளில் தகட்டின் வகை, வயது, நிலை, அதற்கான ஒளிப்படங்கள். இரண்டாவது, ஆண்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்பது. மூன்றாவது, தகட்டை மாற்ற நேர்ந்தால் செலவை யார் ஏற்பது, வாடகையில் அது எவ்வாறு சரிசெய்யப்படும் என்பது. இம்மூன்று வரிகள் இருந்தால்தான் நல்ல தகட்டைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒருவருக்கு மனம் வரும்.

ஏனெனில் தேர்வு என்பது முழுக்க முழுக்கக் காலக்கணக்கு. ஓர் எடுத்துக்காட்டுக்காக, மலிவான தகடு வேலைக்கூலியுடன் சதுர அடிக்கு 100 ரூபாய், 8 ஆண்டுகள் உழைக்கும் என்று கொள்வோம். தரமான தகடு 150 ரூபாய், 20 ஆண்டுகள் உழைக்கும் என்று வைப்போம். ஆண்டொன்றுக்கு முன்னதன் செலவு 12.50 ரூபாய், பின்னதன் செலவு 7.50 ரூபாய். 5,000 சதுர அடிக் கூரைக்கு ஆண்டுதோறும் 25,000 ரூபாய் மிச்சம். கூரையைப் பிரித்துப் போடும் நாட்களில் தொழில் நின்றுபோகும் இழப்பு இதில் சேரவில்லை. ஆனால் இந்த ஆதாயம் இருபதாண்டு அக்கூரையை வைத்திருப்பவருக்கே கிட்டும். ஆகவே முதலீட்டை உரிமையாளர் செய்வதும், ஒழுகாத இடத்துக்குரிய சற்றுக் கூடுதலான வாடகையைத் தொழில் நடத்துபவர் தருவதும் இருவருக்கும் பொருந்தும் ஏற்பாடு.

இடம் விரைவில் மறுமேம்பாட்டுக்குப் போய்விடும், அதுவரை எதற்குச் செலவு என்று கேட்போரும் உண்டு. தாராவியின் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கு மாநில அரசு இசைவு அளித்தது 2004இல். அதன் பின்னர் இருபது பருவமழைகள் அந்தத் தகரங்களின்மேல் பெய்துவிட்டன. காத்திருப்போர் விலையுயர்ந்த தகட்டைத் தவிர்ப்பது சரியாக இருக்கலாம். திருகாணியையும் நீர்வடி பீலியையும் தவிர்ப்பது சரியாகாது.

தகடு வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. கடையில் '0.50 மி.மீ.' எனப்படுவது பெரும்பாலும் பூச்சும் சேர்ந்த மொத்தக் கனம். உள்ளிருக்கும் எஃகின் கனம் அதைவிடக் குறைவு. இரண்டையும் விலைப்பட்டியலில் தனித்தனியே எழுதித் தரச் சொல்லவேண்டும். அடுத்தது பூச்சின் எடை. துத்தநாகப் பூச்சுத் தகட்டுக்கு ஐ.எஸ். 277, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுக்கு ஐ.எஸ். 15961 என இந்தியத் தரநிலைகள் உள்ளன. சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம், அல்லது 150 கிராம் கலவைப் பூச்சு என்பது நல்ல அளவு. இரண்டிலும் ஒரு பக்கத்துப் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கூரையின் ஆயுள் முழுவதும் அந்த மெல்லிய படலத்தில் இருக்கிறது. அதே கனம், அதே பளபளப்பு, ஆனால் பாதிக்கும் குறைவான பூச்சு கொண்ட தகடுகளும் சந்தையில் உண்டு. கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. ஆலையின் சோதனைச் சான்றிதழே அதைக் காட்டும்.

காற்றின் இயல்பையும் கருதவேண்டும். செம்பூரில் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத்தொழிற்சாலையும் அருகில் உள்ளன. டோம்பிவிலியில் 2014 ஜனவரியில் பச்சை நிறத்தில் மழை பெய்தது செய்தியாயிற்று; 2020இல் தொழிற்பேட்டைச் சாலையொன்று இளஞ்சிவப்பாக மாறியதும் அவ்வாறே. இரசாயன ஆலைகளின் பக்கத்தில் வெறும் உலோகப் பூச்சை நம்புவது போதாது. அதன்மேல் தரமான வண்ணப்பூச்சும் வேண்டும். அலுமினியக் கலவைப் பூச்சுக்கு ஈரச் சிமென்ட் பகை. குளிர்சாதனக் கருவியின் செப்புக் குழாயிலிருந்து சொட்டும் நீரோ இரு வகைப் பூச்சையும் அரிக்கும்.

இனி நீரும் காற்றும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் நீர். 5,000 சதுர அடி என்பது சுமார் 465 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழையில் அக்கூரையிலிருந்து 46,500 லிட்டர் நீர் பீலிக்கு வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்தது. குறுகிய பீலியும் இலைகளால் அடைபட்ட குழாயும் இருந்தால், புத்தம் புதிய தகட்டின் கீழும் நீர் உள்ளே பாயும். காற்றோ கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுவை மிகுதி. 2021 மே 17 அன்று டவுக்தே புயல் கடந்தபோது கொலாபாவில் மணிக்கு 114 கி.மீ. வேகத்தில் காற்று வீசியது. மும்பைக்கு ஐ.எஸ். 875 தரநிலை கொள்ளும் அடிப்படை வேகம் விநாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 158 கி.மீ. ஆதலால் ஓரங்களில் திருகாணிகள் நெருக்கமாக இருக்கவேண்டும். புயல்வேளையில் ஷட்டரைத் திறந்துவைத்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து தகட்டைத் தூக்கும்.

பராமரிப்பு பெருஞ்செலவன்று. ஏப்ரல் இறுதியில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை பார்வையிட்டால் போதும். பீலியைத் தூர்வாரவேண்டும். வெடித்த ரப்பர் வாஷர்களையும் துருப்பிடித்த திருகாணிகளையும் மாற்றவேண்டும். புறா எச்சத்தையும் குப்பையையும் கழுவவேண்டும். துளையிட்ட இரும்புத்தூளை அன்றே பெருக்கிவிடவேண்டும். ஓர் இரவு ஈரத்திலேயே அது துருப்புள்ளியாகும்.

இவ்வேலைக்கு ஏறுபவரின் உயிர் எந்தத் தகட்டையும்விடப் பெரிது. வெளிச்சத்துக்காகப் பதித்த நாரிழைத் தகடுகளும் பழைய கல்நார் தகடுகளும் ஆளின் எடையைத் தாங்கமாட்டா. அழுக்குப் படிந்தபின் அவை எங்கே இருக்கின்றன என்பதே தெரியாது. பாதுகாப்புக் கச்சை, கட்டுக்கயிறு, மிதிபலகை ஆகியவை இல்லாமல் எவரையும் மேலே அனுப்பலாகாது. மழை பெய்யும்போது ஒழுகலை அடைக்கச் சொல்லி ஆளை ஏற்றும் பழக்கம் அறவே நிற்கவேண்டும். ஏப்ரலில் செய்யாத வேலையை ஜூலையில் செய்யும்போதுதான் இத்தகைய விபத்துக்கு வழி பிறக்கிறது.

காப்பீடு இருக்கிறதே என்று அமைதி கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ரூபாய் 5 கோடி வரையிலான சொத்துள்ள குறுந்தொழில்களுக்கென 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' புயலையும் வெள்ளத்தையும் உள்ளடக்குகிறது. ஆனால் நாட்பட்ட தேய்மானத்தாலும் துருவாலும் நேரும் சேதத்துக்குக் காப்பீடுகள் பொதுவாக இழப்பீடு தருவதில்லை. தேதியிட்ட பராமரிப்புக் குறிப்பும் ஒளிப்படங்களும் கைவசம் இருந்தால், சேதத்தைச் செய்தது புயலா அலட்சியமா என்ற கேள்வி எழும்போது விடை எளிதாகும்.

வங்கிகளுக்கும் இதில் பங்கு உண்டு. நடைமுறை மூலதனக் கடனுக்கு ஈடாக நிற்கும் சரக்கு கிடங்கின் தரையில் இருக்கிறது. அதைக் காப்பது தலைக்கு மேலுள்ள தகடு. நனைந்த சரக்கு கணக்கிலிருந்து கழியும்போது எடுக்கத்தக்க கடன் வரம்பும் சுருங்கும். ஆகவே மூட்டைகளை எண்ணவரும் ஆய்வாளர் ஒருமுறை அண்ணாந்தும் பார்க்கவேண்டும். கூரை மாற்றத்துக்குக் கடன் கேட்பவரிடம் ஆலைச் சான்றிதழையும் பராமரிப்புப் பொறுப்பு எழுதப்பட்ட உடன்படிக்கையையும் கேட்பது வங்கிக்கும் அவருக்கும் நன்மையே. அடுத்த உடன்படிக்கை பதிவாகும்முன் அந்த மூன்று வரிகள் அதில் ஏறட்டும். எழுதப்பட்ட பெயர் ஒன்று இருந்தால், ஏப்ரலில் ஏணியைச் சாத்த ஓர் ஆளும் இருப்பார்.