வரவே இல்லாத கணக்கு

டோங்கா போய் திமிங்கிலத்தோட நீந்தணும்னு வீட்டுல பசங்க கேக்கறாங்களா? சின்னப் படகு, ஒரு தடவைக்கு நாலு பேரும் ஒரு வழிகாட்டியும்தான் தண்ணியில. விதி நல்ல விதிதான். ஆனா வங்கிக்காரன் கண்ணுக்கு வேற கணக்கு தெரியுதுங்க.

கூன்முதுகுத் திமிங்கிலம் அண்டார்டிக் கடல்ல வயிறு நிறையத் தின்னுட்டு, ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் இங்கே வந்து குட்டி போடுது. வந்த இடத்துல அனேகமாப் பட்டினி. உடம்புக் கொழுப்புதான் டெபாசிட். குட்டிக்குப் பாலும், திரும்பற வழிச்செலவும் அதுலேர்ந்துதான். படகு துரத்தற ஒவ்வொரு தடவையும் ஒரு வித்டிராயல்.

1978லேயே திமிங்கில வேட்டையைத் தடை செஞ்ச நாடு அது. தாராளமாப் போங்க. குட்டியோட தாய் தெரிஞ்சா படகுலேர்ந்தே பாருங்க. கட்டின காசுக்கு எறங்கியே ஆகணும்னு நாம அடம் பிடிச்சா, படகுக்காரர் துரத்தத்தான் செய்வார்.