துணுக்கு மனம்

உலகிலேயே இரண்டாவது சுவையான குடிநீர் சிறுவாணி நீர் என்பது கோவையில் பிறந்தவனுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிற தகவல். யார் சுவைத்துப் பார்த்தார்கள், எந்த ஆண்டில், எத்தனை ஆறுகளை வரிசையில் வைத்து என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. மேலும் கேட்டால் ஊர்த்துரோகி என்ற பட்டம் வருகிறது. 'இரண்டாவது' என்ற சொல்லின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது என்றால் சந்தேகம் எழும். இரண்டாவது என்கிறபோது ஒரு போலி அடக்கமும், எவனோ நேர்மையாக அளந்து பார்த்திருக்கிறான் என்ற பிரமையும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன.

வாரப் பத்திரிகைகள் பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தை அடைக்கப் பயன்படுத்திய துணுக்கு, இன்று கைபேசியில் பொழுதுக்கும் வந்து விழுகிறது. வணிக எழுத்தின் குப்பை, அதோடு நமக்கென்ன என்பது சிறுபத்திரிகைக்காரர்களிடையே பழகிப்போன பெருந்தன்மை. எனக்கு அது இல்லை. துணுக்கு என்பது வெறும் பத்தி வடிவம் அல்ல, ஒரு மனோபாவம். ஒரு தகவலை அதன் காரணத்திலிருந்தும் அதைச் சொன்னவனிடமிருந்தும் அறுத்தெடுத்து, வியப்பை மட்டும் நம் கையில் வைப்பது அதன் தொழில்.

சிறுவாணியையே எடுத்துக்கொள்வோம். கோவை மழை மறைவுப் பிரதேசம். ஆழ்குழாய்த் தண்ணீரை இன்றும் இங்கே உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். குடிக்கிற தண்ணீருக்கு 'நல்ல தண்ணீர்' என்று தனிப்பெயர். காட்டு மலையில் பெய்த மழை, உப்பு அதிகம் கரையாமல் வந்து சேர்ந்தபோது அது அமிர்தமாகத்தான் இருந்திருக்கும். சுவையின் ரகசியத்தில் பாதி, அதற்கு முன் குடித்த தண்ணீரில் இருக்கிறது. அந்த நீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று சே.ப. நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வாதாடினார். மலையைக் குடைந்து அது வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. சிறுவாணி பவானியின் கிளை. இன்றைய அணை 1973இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு, 1984இல் முடிந்தது. இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். நம் பெருமையின் ஊற்று அண்டை மாநிலத்தின் காட்டில் இருக்கிறது என்பது 'இரண்டாவது சுவை'யைவிட நூறு மடங்கு வியப்பான செய்தி. ஆனால் அது நம்மைக் கடமைப்பட்டவர்களாக்குகிறது. துணுக்கு யாரையும் கடமைப்படுத்தாது.

இன்னொன்று. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. துணுக்காகச் சொன்னால் சிரிப்பு வரும்: ஆங்கில நோயின் பெயரில் ஒரு அம்மன்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரைத் திரும்பத் திரும்பச் சூறையாடிய கொள்ளைநோயின் நினைவுச் சின்னம் அது. பெயர் தெரியாத பயத்துக்கு, அந்தப் பயம் வந்த பெயரையே சூட்டி, கும்பிட்டு, பேச்சுக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரு மொழி தன் நெருக்கடியில் செய்த காரியம் இது. கவிஞன் நின்று பார்க்க வேண்டிய இடத்தில் துணுக்கு கண்ணடித்துவிட்டுப் போகிறது.

தகவல் சேர்ப்பதே இழிவு என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். உலகின் மகத்தான தகவல் சேகரிப்பாளர்களில் ஒருவன் ரோமானியனான பிளினி. இருபதாயிரம் செய்திகளைச் சுமார் இரண்டாயிரம் ஏடுகளிலிருந்து திரட்டியதாக அவனே முன்னுரையில் சொல்கிறான். ஒற்றைக் காலுள்ள மனிதர்கள் இந்தியாவில் வெயிலுக்குத் தம் பாதத்தையே குடையாகப் பிடித்துப் படுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறான். ஆனால் கிரேக்கனான டீஸியஸ் சொன்னது என்று கூடவே எழுதியிருக்கிறான். நூலின் முதல் பாகம் முழுவதும் பொருளடக்கமும் யார் யாரிடமிருந்து எடுத்தான் என்ற பட்டியலும்தான். பொய்யைக்கூட விலாசத்தோடு கொடுத்ததால் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அவனோடு சண்டை போட முடிகிறது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் ரோமானியப் பணத்தை உறிஞ்சுகிறது என்று புலம்பியவனும், பச்சைக்கல் வகையான பெரில் இந்தியாவில் விளைகிறது என்று குறித்தவனும் அவன்தான். வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததையும், காங்கேயம் பக்கத்துப் படியூரின் பெரிலையும், நொய்யல் கரைக் கொடுமணலின் கல்மணிப் பட்டறைகளையும் அந்த வாக்கியங்களோடு சேர்த்துப் படித்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு உலகம் நடந்து வருவது தெரியும். 'கொங்கு மண்ணில் ரோம் காசு!' என்று ஆச்சரியக்குறி போட்டால் காசு மட்டும் மிஞ்சும். பாதை போய்விடும்.

விலாசமில்லாத தகவலின் கதி என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. ஃபிரெட் வொர்த் என்பவர் தம் துணுக்குக் களஞ்சியத்தில் ஒரு பொய்யை வேண்டுமென்றே ஒளித்து வைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று. பிரபலமான வினாடிவினா விளையாட்டு ஒன்றில் அதே பிலிப் முளைத்தது. 1984இல் வொர்த் வழக்குத் தொடுத்துத் தோற்றார்; தகவல் யாருக்கும் சொந்தமல்ல என்பது நீதிமன்றத்தின் முடிவு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு அங்கே சாட்சி சொன்னது பொய்தான், உண்மை அல்ல.

இனி நம்மிடம் வருகிறேன். நம் பக்கங்களில் வரும் விமர்சனங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு பத்தியில் ஏழு அயல்நாட்டுப் பெயர்கள். ஒருவர் கடைசிக் காலத்தில் பார்வை இழந்தார், ஒருவர் தம் கையெழுத்துப் பிரதிகளை எரிக்கச் சொன்னார், ஒருவர் நின்றுகொண்டே எழுதினார். அந்தப் பார்வையின்மை ஒரு வாக்கியத்தை என்ன செய்தது என்று ஒரு வரி கிடையாது. இதுவும் துணுக்குதான், காகிதம் மட்டும் உயர்ந்த ரகம். நம் கவிதைகளிலும் இது நுழைந்துவிட்டது: ஒரு அபூர்வத் தகவல், மூன்று வரி இடைவெளி, கடைசியில் ஒரு அதிர்ச்சி. வாசகன் 'அட' என்கிறான். பக்கத்தைப் புரட்டுகிறான்.

வியப்பில்தான் தத்துவம் தொடங்குகிறது என்று அரிஸ்டாட்டிலைக் காட்டி எனக்குப் பதில் எழுதப்போகும் நண்பர் இருக்கிறார். தொடங்குகிறது என்றுதான் அவரும் சொன்னார். நம் கட்டுரைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. யார் சொன்னது, யார் அளந்தது, இதனால் யாருக்கு என்ன ஆயிற்று: இந்த மூன்று கேள்விகளுக்குத் தாங்காத தகவலை இந்த இதழுக்கு அனுப்புகிற கட்டுரையிலிருந்து அவரவரே அடித்துவிடட்டும். பக்கம் குறையும் என்றால் குறையட்டும்.