நியூட்ரான் கற்றையும் இடஒதுக்கீடு நுழையாத வாசல்களும்

பிரான்சின் கிரனோபிள் நகரில், 844 மீட்டர் சுற்றளவுள்ள சிங்க்ரோட்ரான் வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுழல்கின்றன. வளையும்போது அவை உமிழும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, ஒரு பொருளினுள் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள விதத்தை ஆய்வாளர்கள் காண்கின்றனர். அதன் அருகிலேயே, ஆராய்ச்சிக்கென்றே நியூட்ரான்களை வழங்கும் 58 மெகாவாட் அணு உலை ஒன்றும் இருக்கிறது. எக்ஸ் கதிருக்கு எளிதில் அகப்படாத ஹைட்ரஜனையும் லித்தியத்தையும் நியூட்ரான் காட்டிக்கொடுக்கும். மின்கலத்தினுள் லித்தியம் நகர்வதையும், எஃகுத் தண்டவாளத்தினுள் தேங்கிய தகைவையும் அறிய இத்தகைய கருவிகள் தேவை. எந்தப் பல்கலைக்கழகமும் இவற்றைத் தனித்துக் கட்டிக்கொள்ள இயலாது. ஆகவே உலகெங்கிலுமுள்ள ஆய்வாளர்கள் நேரம் கேட்டு விண்ணப்பிக்கின்றனர். அவர்கள் பேச்சில் இதற்குப் பெயர் 'பீம்டைம்'.

முடிவுகளை வெளியிட ஒப்புக்கொள்ளும் ஆய்வுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. நிபுணர் குழு விண்ணப்பத்தைப் படித்துத் தேர்வு செய்கிறது. கிடைப்பது சில நாட்கள். இரவு பகலாக, எட்டு மணி நேர முறைகளில் வேலை. அந்த நாட்களின் தரவை நம்பியே ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதப்படுவதும் உண்டு.

அயல்நாட்டுக் குழுவுக்கு விண்ணப்பதாரரின் சாதி தெரிய வாய்ப்பில்லை. ஆனால் விண்ணப்பம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே பல முடிவுகள் இங்கே எடுக்கப்பட்டுவிடுகின்றன. முதன்மை விண்ணப்பதாரராக யார் பெயர் இடப்படும், மாதிரியுடன் விமானம் ஏறப்போவது யார், ஆய்வகத்திலேயே இருந்து மாதிரி தயாரிக்கப்போவது யார் என்பவற்றைப் பெரும்பாலும் நெறியாளரே தீர்மானிக்கிறார். இதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை; மேல்முறையீடும் இல்லை. ஒருமுறை சென்று வந்தவரின் அடுத்த விண்ணப்பம் மேலும் வலுவாக அமையும். தகுதி என்று பின்னாளில் பேசப்படுவதில் ஒரு பகுதி இவ்வாறு சேர்ந்ததுதான்.

இனி, இந்தியாவின் பாதைகளைப் பார்ப்போம். உள்நாட்டில் இரண்டு பெரும் வசதிகள் உள்ளன: இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலுள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான், 1985 முதல் இயங்கும், டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 100 மெகாவாட் துருவா உலை. வெளிநாட்டில் ஜப்பானின் ஃபோட்டான் ஃபேக்டரியிலும் ஜெர்மனியின் பெட்ரா-3 வளையத்திலும் இந்திய ஆய்வாளர்கள் நேரம் பெற அரசு நிதியில் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அவற்றை முன்னின்று நடத்தியதில் கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்துக்கும் பெங்களூரின் ஜவகர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு.

இந்த நான்கு நிறுவனங்களின் பெயர்களும் சேர்ந்து வேறோர் இடத்திலும் காணப்படுகின்றன. மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும், ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஓர் அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. அதில் உள்ள 'உயர் சிறப்பு' நிறுவனங்களுக்கு இச்சட்டங்கள் பொருந்தா. நான்கும் அந்த அட்டவணையில் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்று தானாக முன்வந்து இடஒதுக்கீட்டைப் பின்பற்றலாம். வேறு பணியாளர் விதிகளும் இருக்கலாம். ஆனால் இவ்விரு சட்டங்களின் கட்டாயம் அங்கே இல்லை. பொதுப் பணத்தில் எழுந்த கருவிகளின் வாசல்கள், சமூகநீதிச் சட்டம் நின்றுவிடும் எல்லைக்கு அப்பால் இருப்பதைத் தற்செயல் என்று கடந்துபோக நம்மால் இயலவில்லை.

சாகா நிறுவனத்தை அவ்வளவு எளிதில் கடக்கவே முடியாது. அதை நிறுவிய மேகநாத் சாகா, டாக்கா அருகே ஒரு சிற்றூரில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறு கடைக்காரரின் மகனாக 1893இல் பிறந்தவர். கல்கத்தாவில் மாநிலக் கல்லூரி மாணவராக விடுதியில் இருந்தபோது ஆதிக்க சாதி மாணவர்கள் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க வழிகாட்டிய அயனியாக்கச் சமன்பாட்டைப் பின்னர் உலகுக்கு வழங்கியவர் அவரே. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் இடஒதுக்கீட்டு விலக்குப் பட்டியலில் நிற்கிறது.

நுண்ணிய அறிவியலில் தரம் குறைந்துவிடும் என்பது விலக்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தரத்தில் உண்மையான அக்கறை இருந்தால், விண்ணப்பதாரரின் பெயரை மறைத்தே அறிவியலை மதிப்பிடலாமே! ஹபிள் தொலைநோக்கியின் நேரத்தை ஒதுக்க 2018இல் அம்முறை கொண்டுவரப்பட்டது. அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே விஞ்சியது. இந்தியக் குழுக்கள் இந்திய விண்ணப்பங்களைப் படிக்கும்போது இம்முறை இன்னும் அவசியம். இங்கே பெயரின் பின்னொட்டைக் கண்டதுமே சாதியை அறிந்துகொள்வோர் உண்டு. பின்னொட்டைத் துறந்த தமிழரிடம் ஊரையும் தெருவையும் விசாரிப்போரும் உண்டு.

நம் மாணவர்கள் அறிய வேண்டிய வழி ஒன்று உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்து நடத்தும் அறிவியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, இத்தகைய வசதிகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. அதற்குக் கல்பாக்கத்திலும் ஒரு கிளை உண்டு. மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் தம் துறையில் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். முதன்மை விண்ணப்பதாரராகவோ இணை விண்ணப்பதாரராகவோ தம் பெயர் இடம்பெற வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில் மத்திய நிறுவனங்களிடம் கேட்கக்கூடிய கேள்விகளும் உள்ளன. கடந்த ஐந்தாண்டுகளில் உங்கள் வழியே பீம்டைம் பெற்ற விண்ணப்பங்கள் எத்தனை? அவற்றின் முதன்மை விண்ணப்பதாரர்களிலும், அரசுச் செலவில் பயணம் செய்த ஆய்வு மாணவர்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? தேர்வுக் குழுக்களில் எத்தனை பேர்? பதில் தர அவர்களுக்கு உள்ள அவகாசம் 30 நாட்கள்.