முகவரிப் பங்கீடும் தாராளம் என்னும் மாயையும்

கணினி வலையமைப்பிலே முகவரி பங்கிடுதல் எழுதுவினைஞர் வேலை என்றும், சிந்தனைக்குரிய பொருள் அன்று என்றும் கருதுவோர் இன்று பலராயுள்ளனர். கொள்கலன் தொழினுட்பம் பரவிய பின்னர் இக்கருத்து மேலும் வலுப்பெற்றுள்ளது. டொக்கர் 2013 இல் வெளிவந்தது; குபர்நெட்டீஸ் அடுத்த ஆண்டில் அறிமுகமானது. இரண்டும் கொள்கலன்களுக்கு முகவரிகளைத் தாமே வழங்குவன. ஆகவே மனிதர் அதுபற்றிக் கவலையுற வேண்டியதில்லை என்பர். தனியார் முகவரிகள் விலையற்றவை, வற்றாதவை என்பதே அவர்தம் வாதத்தின் அடித்தளம். அவ்வடித்தளம் பொய்யானது.

ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 இருமங்கள் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. எவரும் தம் வளாகத்துள் வழங்கிக்கொள்ளலாம் என 1996 இல் ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் ஒதுக்கிய மூன்று தொகுதிகளையும் கூட்டினால் 17,891,328 வரும். பெருந்தொகைதான். ஆயின் அது செலவழியும் விதத்தை நோக்குக.

குபர்நெட்டீஸ் கொத்தணி ஒன்றுக்கு 10.244.0.0/16 என்னும் தொகுதியை அளிப்பது பரவலான வழக்கம். அதில் 65,536 முகவரிகள் உள. ஒவ்வொரு கணுவுக்கும் /24 அளவில் 256 முகவரிகள் முன்கூட்டியே வெட்டிக் கொடுக்கப்படுகின்றன. கணு ஒன்றில் இயங்கத்தக்க 'பொட்' என்னும் கொள்கலன் கூட்டங்களின் வழக்கமான உச்சவரம்போ 110 மட்டுமே. 256 கணுக்களோடு நிலம் தீர்ந்துவிடும். அவை அனைத்தும் நிரம்பி வழிந்தாலும் 28,160 முகவரிகளே பயன்படும். எஞ்சிய 37,376 தரிசாய்க் கிடக்கும். இந்நிலையில் 257 ஆவது கணு வந்து சேர்ந்தால் அதற்குக் கொடுக்க ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் வெறுமையாய் இருக்கும் வீட்டில் விருந்தினனுக்கு இடமில்லை என்பது போன்றதே இது.

இதற்குச் சமாதானம் இல்லாமலில்லை. கணுவுக்கொரு தொகுதி என்றால் வழிச்செலுத்தல் எளிதாகும். மடிந்த பொட்டின் முகவரியை உடனே மற்றொன்றுக்குக் கொடுத்தால், பழையதற்கு வந்த பொதி புதியதன் கையிற் சேரும். அதனைத் தவிர்க்க உபரி வேண்டும். இவை நியாயமானவையே. ஆயினும் 'காலிக்கோ' என்னும் வலையமைப்பு மென்பொருள் வழக்கமாக 64 முகவரிகள் கொண்ட சிறு தொகுதிகளைத் தேவை எழுந்தபோது மட்டும் கணுவுக்கு அளிக்கின்றது. எனவே வீண்விரயம் தொழினுட்பத்தின் விதியன்று. கணக்குப் பார்க்க மனமில்லாமையின் விளைவே அது.

டொக்கரின் செய்கை இன்னும் வேடிக்கையானது. நிறுவப்பட்டதும் அது வழக்கமாக 172.17.0.0/16 ஐத் தனதாக்கிக்கொள்ளும். அதே தொகுதியிலே ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகச் சேவைக்கணினி இருப்பதாகக் கொள்வோம். டொக்கர் உள்ள கணினியிலிருந்து நூலகத்தை நோக்கிப் புறப்படும் பொதி வளாகத்தைக் காணாது. உள்ளேயுள்ள பாலத்தை அடைந்து அங்கேயே மடியும். நேரடி அயலை நோக்கி விலகிக்கொள்ளும் அறிவு டொக்கருக்குச் சிறிதுண்டு. வழிச்செலுத்திக்கு அப்பால் உள்ளதை அது அறியாது. நூலகம் பழுது என்பான் மாணவன். மாணவனின் கணினி பழுது என்பார் நூலகர். அமைப்புக் கோப்பிலே ஒரு வரி எழுதினால் தீரும் இடர் இது. எழுதுவதற்கு, வளாகத்தின் முகவரித் திட்டம் எங்கேனும் ஏட்டில் இருத்தல் வேண்டுமே!

முகவரி மாற்றீடு இருக்கிறதே என்பர் மறுப்போர். பொட்டுகள் மாற்றீடின்றி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதே குபர்நெட்டீஸின் அடிப்படைக் கோட்பாடு. கொத்தணியின் எல்லையிலே அக்கோட்பாடு பெரும்பாலும் கைவிடப்படுகிறது. வெளியேறும் பொதி கணுவின் முகவரியைப் பூண்டு செல்கிறது. தவறிழைத்தது நூறு பொட்டுகளுள் எதுவென வெளியிலுள்ள பதிவேடு சொல்லாது. ஒரே 10 ஆம் தொகுதியை வைத்திருக்கும் இரு நிறுவனங்கள் இணைய நேர்ந்தால், மாற்றீட்டின்மேல் மாற்றீடு ஏறும்.

இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது? முந்தி வந்தோரின் மனப்பான்மையிலிருந்து. மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் ஒன்றே 16,777,216 பொது முகவரிகளை நெடுங்காலம் வைத்திருந்தது; 2017 இல் அவற்றுள் ஒரு பகுதியை அமேசனுக்கு விற்றது. உலகின் பொதுக் களஞ்சியம் 2011 பெப்ரவரியில் வெறுமையானது. இலங்கையையும் உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பதிவகம், புதிய உறுப்பினர் பெறக்கூடிய உச்சத்தை 2019 இல் 512 ஆகக் குறைத்தது. 2024 பெப்ரவரி முதல் அமேசன் பொது முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டொலர் அறவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டொலர். பிந்தி வந்தவர், முந்தி வந்தவரிடமே வாடகைக்கு வாங்குகின்றார்.

128 இருமங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு 1995 இலேயே வரையறுக்கப்பட்டது. இரு பதிப்புகளையும் ஒருங்கே ஆளும் வசதி குபர்நெட்டீஸிலே 2021 டிசம்பரில் உறுதிநிலை பெற்றது. அதற்குப் பின்னரும் புதிய கொத்தணியை நான்காம் பதிப்பில் மட்டும் தொடக்கி, பற்றாக்குறை வந்ததும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கென 2012 இல் ஒதுக்கப்பட்ட 100.64.0.0/10 இலே கைவைப்போர், அதனைச் சாதுரியம் என்று அழைக்கின்றனர்.