ஆறாம் வகுப்பில் கோடு போட்டது யார்?

“சின்னப் பிள்ளைகள் விவகாரம். இன்றைக்குக் கா விடுவார்கள், நாளைக்குப் பழம் விடுவார்கள். நாம் தலையிடக் கூடாது.” ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் முளைக்கும் செட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோரும் ஆசிரியரும் சொல்லிவைத்தாற்போல் இதையே சொல்கிறார்கள். எனக்கு இது பொறுப்பைக் கைகழுவும் பேச்சாகவே படுகிறது. ‘அவகூட யாரும் பேசாதீங்க’ என்று செட்டு மொத்தமும் ஒதுக்கிவைத்த பன்னிரண்டு வயதுப் பெண், மதியச் சாப்பாட்டைத் தனியே தின்றுவிட்டு, மறுநாள் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள்.

பிள்ளைகள் தானாகத்தான் பிரிகிறார்களா? கிராமப்புற மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். சுற்றுப்பட்டு ஊர்களின் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் நாள் தெரிந்த முகத்தின் பக்கத்தில்தான் உட்காருவார்கள். அதில் குற்றம் இல்லை. ஆனால் தெரிந்த முகம் என்பது டவுன் பஸ்ஸில் ஒரே நிறுத்தத்தில் ஏறிய முகம். அந்த நிறுத்தம் ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. ஆசிரியர் கண்டும் காணாமல் விட்டால், பெரியவர்கள் ஊரில் பிரித்துவைத்த தெருக்கள் வகுப்பில் பெஞ்சுகளாகிவிடும். அதற்கு மேல் பள்ளியும் தன் பங்குக்குப் பிரிக்கிறது: தமிழ்வழிக்கு ஒரு பிரிவு, ஆங்கிலவழிக்கு ஒரு பிரிவு, ‘மெல்லக் கற்போர்’ தனி வரிசை. விளையாட்டு நேரத்தில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்க, கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பையனை அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளின் இயல்பே இப்படித்தான் என்பவர்கள் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப்பின் ஆய்வை எடுத்துக்காட்டுவதுண்டு. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், பதினொன்று பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு அணியாக்கிப் போட்டிகள் வைத்தார். ஒருவர் கொடியை மற்றவர் கொளுத்தும் அளவுக்குப் பகை முற்றியது. ஆனால் முந்தைய ஆண்டு, 1953இல், அவரே நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமை இவர்கள் சொல்வதில்லை. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு பிரித்தார்கள். முகாம் ஆட்களே பொருள்களை நாசம் செய்து சண்டை மூட்டப் பார்த்தும் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் பாயவில்லை, பெரியவர்களைத்தான் சந்தேகித்தார்கள். ஆய்வு பாதியில் நின்றுபோனது. முதலில் சேர்ந்து பழகிய பிள்ளைகளைப் பெரியவர்களால்கூடச் சுலபத்தில் பிரிக்க முடியவில்லை!

நம் ஊரில் செட்டுக்கு நிறமும் உண்டு. சாதிக்கொரு வண்ணத்தில் கயிறு கட்டிப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவர்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகள்தாம். ஆனால் யாரோடு சேர்வது, யாரை ஒதுக்குவது என்பதை அவர்கள் அந்த வயதிலா முதன்முதலாகக் கற்றிருப்பார்கள்? அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டதோடு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் விவாதித்தோம். என் கணக்கில் பெரிய பரிந்துரை அந்த இருக்கை வரிசைதான்.

“நட்பைக் கட்டாயப்படுத்த முடியுமா?” என்று கேட்பார்கள். யாரும் அப்படிக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் யார் உட்காருவது, ஆய்வகத்தில் யாரோடு யார் சேர்வது, கபடிக்கு எப்படி அணி பிரிப்பது — இவை மூன்றும் ஆசிரியர் கையில் இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே ஆறாம் வகுப்பு ஆசிரியர் இவற்றைத் தீர்மானிக்கட்டும். மாதம் ஒருமுறை மாற்றட்டும். ‘என் பிள்ளையை ஏன் அவன் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்’ என்று சண்டைக்கு வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் அந்த ஆசிரியரை விட்டுக்கொடுக்காமல் பேசட்டும்.